வாளின் மறுமுனை

அருமனை

அன்பு மக்களே,

மாமா எழுதுகிறேன். போனில் அனுப்பியிருந்தால் அதிலுள்ள பெண்குரலே உனக்கு வாசித்திருக்கும். ஆனால் இது நம் வீட்டுக் குரலில்தான் உன் காதுக்கு வர வேண்டும் என்று தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை உன் தம்பி விடுதிக்கு வரும்போது நிறுத்தி நிதானமாக வாசிக்கச் சொல்.

கிறிஸ்மஸ் நிகழ்ச்சியில் பாட உன்னைக் கூப்பிட்ட குழுவினரிடம் சம்பளம் கேட்டாயாம். "மேடை தருகிறோமே, அது போதாதா" என்றார்களாம். நோட்டீஸில் உன் பெயருக்கு முன்னால் 'பார்வையற்ற' என்று பெரிய எழுத்தில் போடப் போகிறார்களாம். உன் அம்மாவுக்கு அதில் பெருமை. நீ மட்டும் போனில் ஒன்றும் பேசவில்லை. மூன்று நாளாக அந்த மௌனத்தையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

வைக்கம் விஜயலட்சுமியின் பாட்டை நீ மனப்பாடமாகப் பாடுவாய். அவர் வாத்தியத்தைப் பற்றி யோசித்திருக்கிறாயா? 1981இல் வைக்கம் பக்கம் உதயனாபுரத்தில் பிறந்தவர். பிறவியிலேயே பார்வை இல்லை. மகள் விளையாட்டு வீணையில் வாசித்துப் பழகியதைக் கேட்ட அப்பா, ஒற்றைக் கம்பி பூட்டி ஒரு வாத்தியம் செய்து கொடுத்தார். 'காயத்ரி வீணை' என்று அதற்குப் பெயர் வைத்தவர் குன்னக்குடி வைத்தியநாதன். சாதாரண வீணையில் 24 மெட்டுகள் இருக்கின்றன. விரலால் தடவியே இடம் கண்டுபிடிக்கலாம். ஒற்றைக் கம்பியில் தடவிப் பார்க்க ஒன்றுமில்லை. காது சொல்லும் இடத்தில் கை போய் நிற்க வேண்டும். இழையளவு தள்ளினாலும் காந்தாரம் கெட்டுவிடும். இப்படி ஒரு வாத்தியத்தை வைத்துக்கொண்டு வருடக்கணக்காகக் கச்சேரி செய்தவர் அவர். 'செல்லுலாய்டு' படத்தில் 'காற்றே காற்றே' பாட்டு வந்தது 2013இல். அப்போது அவருக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. 2017இல் கல்யாணம் நிச்சயமான பிறகு, இனிக் கச்சேரி கூடாது என்று நிபந்தனை வந்ததும் அந்தக் கல்யாணமே வேண்டாம் என்று சொன்னார். பத்திரிகைகளில் எல்லாம் வந்தது. கச்சேரியை விட்டால் தன்னிடம் என்ன மிஞ்சும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இன்னொருவர் நமக்கு வெகு தூரத்து மனிதர். அமெரிக்காவில் வடக்கு கரோலினா மலைக்கிராமம் ஒன்றில் 1923இல் பிறந்த டாக் வாட்சன். கைக்குழந்தையாக இருக்கும்போதே கண்நோயில் பார்வை போனது. பதினொரு வயதில் அவர் அப்பாவும் கையாலேயே ஒரு பான்ஜோ செய்து கொடுத்தார். செத்துப்போன பூனையின் தோலைத்தான் அதற்குப் போர்த்தினாராம். பிற்பாடு அவர் வாசித்த நடன இசைக்குழுவில் வயலின்காரர் இல்லை. ஆடுகிறவர்களுக்கோ வயலின் மெட்டுகள்தான் வேண்டும். அதனால் அந்த வேகமான மெட்டுகளைக் கித்தாரிலேயே வாசிக்கப் பழகினார். அமெரிக்க நாட்டுப்புற இசையில் கித்தார் வாசிப்பே அவருக்குப் பிறகு மாறிப்போனது. 2012இல் இறப்பதற்குள் ஏழு கிராமி விருதுகள். புகழ் வருவதற்கு முன்னால் பியானோவுக்குச் சுருதி சேர்த்தும் சம்பாதித்தார்.

ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது இதெல்லாம் இல்லை. பதினான்கு வயதில் அவர் அப்பா அவரைக் காட்டுக்குக் கூட்டிப்போய், இரண்டு பேர் பிடித்து மரம் அறுக்கும் வாளின் ஒரு முனையைக் கையில் கொடுத்தார். தானும் ஒரு வேலைக்கு ஆனவன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

இதைப் படித்தபோது எனக்கு உன் அப்பா ஞாபகம் வந்தது. உனக்குப் பத்து வயதிருக்கும். ரப்பர் ஷீட் அடிக்கிற மெஷினுக்குக் கூட்டிப்போய்க் கைப்பிடியைச் சுற்றச் சொன்னார். உன் அம்மா, "கண்ணு தெரியாத பிள்ளையை வேலை வாங்குதீளே" என்று அழுதாள். நானும் அவரிடம் சண்டைக்குப் போனேன். அவர் பதில் பேசவில்லை. நாலைந்து மாதத்தில், ரோலருக்குள் ஷீட் போகிற சத்தத்தை வைத்தே கனம் கூடுதலா குறைவா என்று நீ சொல்ல ஆரம்பித்தாய். அன்று நான் பேசியது தப்பு. இத்தனை வருடம் கழித்து, அதை முதலில் உன்னிடம் ஒப்புக்கொள்கிறேன்.

ஆகவே, மக்களே, பாடப் போ. ஆனால் கீபோர்டு வாசிக்கிறவருக்கு என்ன தொகையோ அதைக் கேள். நோட்டீஸில் உன் பெயரும், நீ பாடப்போகும் பாட்டும் போதும் என்று சொல். ஒத்திகைக்கு முதல் ஆளாகப் போய் நில். சுருதியில் தப்பு செய்தால் மற்றவரைத் திருத்துவதுபோல உன்னையும் திருத்த வேண்டும் என்று கேட்டுக்கொள். கண்ணுக்காக ஜனங்கள் கைதட்டினால், அடுத்த பாட்டை இன்னும் நன்றாகப் பாடு. வேறென்ன செய்ய?

ஒலிப்பதிவையும் கற்றுக்கொள். ரீப்பர் என்ற மென்பொருளில் பார்வையற்ற கலைஞர்கள் திரைவாசிப்பான் துணையோடு தாங்களே பதிவு செய்து, தாங்களே வெட்டி ஒட்டுகிறார்கள். கணினி வாங்க என்னால் ஆனதைத் தருகிறேன். கடனாகத்தான். கச்சேரிப் பணத்தில் திருப்பித் தா.

தொகைக்கு அவர்கள் ஒத்துக்கொள்ளாவிட்டால் கிறிஸ்மஸுக்கு நம் கோயில் பாடகர் குழுவில் எப்போதும்போல் பாடலாம். அங்கே யாருக்குமே சம்பளம் இல்லை, உனக்கும் இல்லை, அது வேறு.

அடுத்த சனிக்கிழமை நீ வரும்போது குழித்துறை ஸ்டேஷனில் வண்டியோடு நிற்பேன். இங்கே விடாத மழை, பால்வெட்டு இல்லை. உன் அப்பா மெஷினைக் கழுவி எண்ணெய் போட்டுக்கொண்டிருக்கிறார்.

அன்புடன்,
மாமா