தவக்குலும் மாற்று ஏற்பாடும்

வேலை செய்யுமிடத்தில் முதலாளியிடம் ஒரு புதிய யோசனையைச் சொல்லப் போகிறோம். அது ஏற்கப்படாவிட்டால் சொல்வதற்கென்று மற்றொரு யோசனையையும் தயார் செய்து கொள்வது தவக்குலுக்கு மாறானது என்று நம்மில் சிலர் எண்ணுகின்றனர். அல்லாஹ்விடம் பொறுப்புச் சாட்டிய பின் இரண்டாவது ஏற்பாடு எதற்கு என்பது அவர்களின் கேள்வி.

யஃகூப் (அலை) அவர்கள் தம் மக்களை மிஸ்ருக்கு அனுப்பியபோது, ஒரே வாசலில் நுழையாமல் பல வாசல்களில் நுழையுமாறு உபதேசித்தார்கள். கூடவே, அல்லாஹ்வின் விதியைத் தம்மால் தடுக்க இயலாதென்றும், அவன் மீதே தவக்குல் வைத்திருப்பதாகவும் கூறினார்கள். திருமறையின் ஒரே வசனத்தில் (12:67) ஏற்பாடும் தவக்குலும் இணைந்தே வருகின்றன.

ஹிஜ்ரி 8-இல் (கி.பி. 629) மூத்தாவுக்குப் படை அனுப்பிய நபி (ஸல்) அவர்கள், ஜைது இப்னு ஹாரிஸா (ரலி) அவர்களைத் தளபதியாக்கினார்கள். அவர் கொல்லப்பட்டால் ஜஅஃபர் (ரலி), அவரும் கொல்லப்பட்டால் அப்துல்லாஹ் இப்னு ரவாஹா (ரலி) என்று அப்போதே வரிசைப்படுத்தினார்கள். மூவரும் ஷஹீதாயினர். அதன்பின் காலித் இப்னு வலீத் (ரலி) அவர்கள் கொடியேந்திப் படையைக் காத்துத் திரும்பினார்கள். ஏற்பாடு முடிந்த இடத்தில் அல்லாஹ்வின் உதவி முடிந்துவிடவில்லை!

நம் முதலியார்பேட்டையில் 1898-இல் தோன்றி, ரோடியர் மில் என்று பெயர் பெற்ற ஏ.எஃப்.டி. பஞ்சாலை 2020-இல் மூடப்பட்டது. ஒரே வாசலை நம்பியிருப்பதன் சிரமத்தை இவ்வூராருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

ஒரு தையற்கடை ஊழியர் புதிய இயந்திரம் வாங்கலாமென்று முதலாளியிடம் சொல்ல விரும்புகிறார் என்று வைத்துக் கொள்வோம். முதலில் செலவையும் வரவையும் கணக்கிட்டுக் கொள்ள வேண்டும். பணமில்லை என்று மறுத்தால், வாடகைக்கு எடுப்பதைச் சொல்லலாம். அதுவும் இயலாதெனில், பெருநாள் வியாபாரத்திற்கு மட்டும் ஒரு மாதம் சோதித்துப் பார்ப்பதைச் சொல்லலாம். எந்தக் காரணத்தால் மறுக்கப்படுமோ, அந்தக் காரணத்துக்குப் பதிலாக அமைவதே நல்ல மாற்று யோசனை. எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொட்டிவிடாமல், முதலாவதைத் தெளிவாகச் சொல்லி, மறுப்பைப் பொறுமையாகக் கேட்டபின் அடுத்ததைச் சொல்வதே அழகு.

ஆனால் ஓர் எல்லை உண்டு. வட்டிக் கடன் வாங்கலாம், கணக்கைக் கொஞ்சம் கூட்டிக் காட்டலாம் என்பவை மாற்று யோசனைகள் ஆகா. ஹலாலான வழி அடைபட்டால் மற்றொரு ஹலாலான வழியைத்தான் முஃமின் தேட வேண்டும்.

நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்த இஸ்திகாராவின் துஆவைக் கவனியுங்கள். காரியம் நன்மையாயின் எளிதாக்கித் தருமாறும், தீமையாயின் அதை விலக்கி, நன்மை எங்கிருந்தாலும் அதை விதித்து, அதில் மனத்திருப்தியையும் தருமாறும் அதில் கேட்கிறோம். அந்த துஆவே இரண்டு வாசல்களைக் கொண்டதன்றோ! எனவே எல்லா யோசனைகளும் மறுக்கப்பட்டாலும் முதலாளி மீது மனக்கசப்பு வேண்டாம். முயற்சி நம்முடையது, முடிவு அல்லாஹ்வுடையது.

வல்ல அல்லாஹ் நம் உழைப்பில் பரக்கத்தும் உள்ளத்தில் உறுதியும் தந்தருள்வானாக! ஆமீன்.