சுவருக்குச் சிறுபோகம், முற்றத்துக்குக் காலபோகம்

பரந்தனைச் சுற்றியுள்ள ஒழுங்கைகளில் நடந்தால் ஒரே அச்சில் வார்த்தவை போன்ற சிறிய வீடுகளைக் காணலாம். இந்திய வீடமைப்புத் திட்டத்தில், 2012 ஒக்டோபரில் ஆரம்பித்த கட்டத்தின்போது, ஒரு குடும்பத்துக்கு 550,000 ரூபாய் பகுதி பகுதியாகக் கிடைத்தது. வீட்டுக்காரர் தாமே நின்று கட்டினார்கள். அளவு சுமார் 550 சதுர அடி. அறை எங்கே, குசினி எங்கே என்பதைத் திட்டம் தீர்மானித்தது. சுவரின் நிறமும் முன்முற்றமும் மட்டுமே குடும்பத்தின் விருப்பத்துக்கு மிஞ்சின. ஆனால் காசு முடிகிற இடமும் அதுதான். அதனால்தான் எங்கள் பகுதியில் இன்றும் சாம்பல் நிறப் பூச்சோடு நிற்கும் வீடுகள் உண்டு. பல வருடம் சேர்த்த காசில் அடிக்கும் பெயின்ற் ஒரே மாரியில் உரிந்து விழுந்தால் அது சிறிய நட்டமல்ல.

பெயின்ற் என்றதும் “என்ன கலர்?” என்று கேட்கிறோம். அதற்கு முன் “எப்போது?” என்று கேட்க வேண்டும். புதிய சீமெந்துப் பூச்சு கடும் காரத்தன்மை உடையது, அதன் பீ.எச். பெறுமானம் 12க்கும் மேல். எனாமல் பெயின்றில் எண்ணெய் கலந்திருக்கிறது. காரமும் ஈரமும் எண்ணெயும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பது இரசாயனவியல் படிப்பவர்களுக்குத் தெரியும்: சவர்க்காரம். பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை ஒருகாலத்தில் உப்பிலிருந்து கோஸ்ரிக் சோடா உற்பத்தி செய்தது. எண்ணெயைச் சவர்க்காரமாக்குவது அந்தக் கோஸ்ரிக் சோடாவே. ஈரம் காயாத சுவரில் எனாமல் அடித்தால் அதே தாக்கம் சுவரிலேயே நடந்து பெயின்ற் பிசுபிசுத்துக் கழன்றுவிடும். தண்ணீரில் கரைக்கும் எமல்ஷன் இதை ஓரளவு தாங்கும் என்றாலும் ஈரத்தோடு வெளியே வரும் உப்பை அதனாலும் தடுக்க முடியாது. சுவரில் வெள்ளையாக உப்புப் பூப்பது அப்படித்தான்.

ஆகவே பூச்சு வேலை முடிந்து குறைந்தது 28 நாட்களாவது பொறுக்க வேண்டும். காய்ந்ததா என்று பார்க்க மேசன் தேவையில்லை. ஒரு முழத் துண்டு பொலித்தீனைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் ரேப் ஒட்டி, மறுநாள் பாருங்கள். உட்பக்கம் வியர்த்திருந்தால் சுவர் இன்னும் ஈரம். வன்னியில் ஒக்டோபர் முதல் ஜனவரி வரை வாடைக்காற்று மழையைக் கொண்டுவரும். அக்காலத்தில் பெயின்ற் வேண்டாம். காலபோக அறுவடை முடிந்து சிறுபோகம் முடியும் வரையே சுவர் வேலைக்கு ஏற்ற காலம். அதிலும் வெளிச்சுவரை மார்ச், ஏப்ரலுக்குள் முடித்துவிடுவது நல்லது. பிறகு சோளகம் எழும்பினால் கிரவல் ஒழுங்கையின் செம்மண் தூசி ஈரப் பெயின்றில் ஒட்டிக்கொள்ளும்.

இனி நிறம். கடையில் தரும் கலர் அட்டையை நம்பித் தெரிவு செய்வது எனக்கு உடன்பாடில்லை. விரலளவு சதுரத்தில் மென்மையாகத் தெரியும் ரோஸ், பத்தடி அறையில் நான்கு சுவரிலும் ஏறினால் கண்ணைக் குத்தும். ஒரு சுவரில் பட்ட ஒளி எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பத் திரும்பத் தெறிப்பதால் நிறம் தடித்துப் போகிறது. பக்கத்தில் இருக்கும் நிறமும் கண்ணை மாற்றும். பிரான்சில் கோபெலின் சாயச்சாலையில் பணிபுரிந்த செவ்ரல் என்ற இரசாயனவியலாளரிடம், கறுப்பு நூல் மங்கலாக இருக்கிறது என்று முறையிட்டார்களாம். சாயத்தில் பிழை இல்லை, அருகிலிருந்த நீலமும் ஊதாவுமே கறுப்பை மங்கச் செய்தன என்று கண்ட அவர், 1839இல் அதைப் பற்றி ஒரு நூலே வெளியிட்டார். நமது வீட்டுக் கதவின் கபில நிறமும் செங்கபில நிலமும் சுவரோடு இதே விளையாட்டை விளையாடும்.

அதனால் ஒரு ஹார்ட்போட் துண்டில் இரண்டு கோட் அடித்து, வாங்க நினைக்கும் நிறத்தை அறைக்குள் கொண்டுபோய் வையுங்கள். சுபஹுக்குப் பின், லுஹர் நேரத்தில், மஃரிபுக்குப் பின் பல்ப் வெளிச்சத்தில் என மூன்று தடவை பாருங்கள். மேற்கு யன்னல் உள்ள அறை பின்னேரத்தில் தானாகவே மஞ்சளாகிவிடும். அங்கே மஞ்சள் அடித்தால் அடுப்புக்குள் இருப்பது போலாகும். வெளிறிய பச்சையோ சாம்பல் நீலமோ அதற்குப் பொருந்தும். விறாந்தைக் கூரை மறைத்து இருண்டிருக்கும் அறைக்குத்தான் கிறீம் நிறம்.

அளவையும் கணக்கிட்டே வாங்கலாம். பத்தடிக்குப் பத்தடி, ஒன்பது அடி உயர அறையின் சுவர்கள் 360 சதுர அடி. கதவு, யன்னல்களைக் கழித்தால் ஏறக்குறைய 305, அதாவது 28 சதுர மீற்றர். ஒரு லீற்றர் எமல்ஷன் ஒரு கோட்டுக்குச் சுமார் 10 சதுர மீற்றர் வரும் என்றால் இரண்டு கோட்டுக்கு ஆறு லீற்றர் போதும்.

அதற்கும் காசில்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். சுண்ணாம்பு தானே காரம் என்பதால் புதுச் சுவரோடு சண்டை பிடிக்காது. எங்கள் உம்மம்மா அதில் துணிக்குப் போடும் நீலத்தைச் சிறிது கலப்பார். மங்கல் மஞ்சள் அடங்கி வெள்ளை எடுப்பாகத் தெரியும். பின்னர் பெயின்ற் அடிப்பதானால் மாவாக வரும் சுண்ணாம்பை நன்றாகச் சுரண்டிவிட வேண்டும்.

முற்றத்துக்கு வருவோம். படங்களில் காணும் புல்தரையை இங்கே வளர்ப்பது தண்ணீரை வெயிலுக்குக் கொடுப்பதே. வன்னியில் முற்றத்தைக் கூட்டி வெறுமையாக வைத்திருப்பதற்குக் காரணம் அழகு மட்டுமல்ல, பாம்பு வந்தால் தெரியவேண்டும். வாசலடியில் பற்றை போன்ற செடிகள் வேண்டாம். ஓரங்களிலும் வேலியிலும் நடலாம். வேலிக்குக் கிளுவையும் பூவரசும் தடியாகவே நட்டால் பிடிக்கும். கிணறு உவராக இருந்தால் ரோசாவுக்கு ஆசைப்படாமல் கடதாசிப்பூவும் பட்டிப்பூவும் வைக்கலாம். அலரியைக் கட்டாக்காலி மாடு தொடாது. ஆனால் அது நஞ்சு, சிறுபிள்ளைகள் உள்ள வீட்டுக்கு நான் சொல்லமாட்டேன். ஒரு மூலையில் மருதோன்றி இருந்தால் பெருநாளுக்குக் கடைக்குப் போகத் தேவையில்லை.

மேற்குப் பக்கம், சுவரிலிருந்து பதினைந்து அடி தள்ளி ஒரு வேம்பு நட்டால், எந்தப் பெயின்றும் குறைக்காத வெக்கையை அது குறைக்கும். கன்றுகளை ஒக்டோபர் முதல் மழையோடு நட்டால் வேர் பிடிக்கும் வரை வாளி தூக்க வேண்டியதில்லை. கோடைக்கு வழி வுழூச் செய்யும் இடத்திலேயே இருக்கிறது. ஒருவருக்கு ஒரு தடவை இரண்டு லீற்றர் என்றாலும் ஆறு பேருள்ள வீட்டில் ஐந்து வேளைக்கு 60 லீற்றர் தண்ணீர், சவர்க்காரம் கலக்காமல் சும்மா ஓடுகிறது. குழாயடியிலிருந்து ஒரு சிறு வாய்க்கால் வெட்டினால் அது இரண்டு வாழைகளுக்கும் மருதோன்றிக்கும் போதும். வாய்க்காலைச் சுவரோரமாக மட்டும் கொண்டுபோக வேண்டாம். மழைத்துளி தெறித்துச் செம்மண் படியும் அந்த அடிச்சுவருக்கு ஒன்றரை அடி உயரத்துக்குக் கடும் கபில நிறத்தில் பட்டி அடித்துவிட்டால் அடுத்த மாரியிலும் வீடு அழுக்காகத் தெரியாது.