மெஸ் கணக்கு ஒட்டியிருக்கும் விடுதி

கேள்வி: என் மகளுக்குக் கோவையில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் இடம் கிடைத்திருக்கிறது. கல்லூரி விடுதி பழைய கட்டடம். ஓர் அறையில் நாலு பேர், குளியலறை வராந்தாவின் கடைசியில். வெளியே பத்து நிமிட நடையில் ஒரு தனியார் லேடீஸ் ஹாஸ்டல் இருக்கிறது. அறைக்கு இரண்டு பேர், அட்டாச்டு பாத்ரூம், வைஃபை, மூன்று வேளை சாப்பாடு. மகளுக்கு அதுதான் பிடித்திருக்கிறது. அவள் அப்பா கல்லூரி விடுதிதான் என்கிறார். வீட்டிலேயே காலைச் சாப்பாட்டைத் தட்டிக்கழிக்கிற பெண் அவள். எதில் சேர்ப்பது அம்மா?
– ஒரு தாய், சங்கரன்கோவில்

பதில்: முதல் வருடம் கல்லூரி விடுதியிலேயே சேருங்கள். மகளிர் விடுதியில் 18 ஆண்டுகள் துணைக் காப்பாளராக இருந்தவள் நான். அறையின் குறைகள் ஒரு மாதத்தில் பழகிவிடும். சாப்பாட்டின் குறை மூன்று வருடமும் உடம்பில் தெரியும். அதனால் மெஸ்ஸிலிருந்தே தொடங்குகிறேன்.

கல்லூரி விடுதிகள் பலவற்றில் ‘டிவைடிங் சிஸ்டம்’ உண்டு. அரிசி, மளிகை, காய்கறி, பால், கேஸ் என்று மாதம் ஆன செலவைச் சாப்பிட்டவர்கள் தலையில் நாள் கணக்கில் பிரிப்பார்கள். உதாரணமாக, 300 பேர் 30 நாள் சாப்பிட்டால் 9,000 நாள். செலவு 9,90,000 ரூபாய் என்றால் ஒரு நாளைக்கு 110 ரூபாய். முன்கூட்டி எழுதிக் கொடுத்து ஆறு நாள் ஊருக்கு வந்தால், ‘மெஸ் ரிடக்‌ஷன்’ போக 2,640 கட்டினால் போதும். எத்தனை நாளுக்குக் குறையாமல் லீவு போட்டால் ரிடக்‌ஷன் தருவார்கள் என்பதைச் சேரும்போதே கேளுங்கள். காண்ட்ராக்ட் மெஸ்ஸிலும் தனியார் விடுதியிலும் பெரும்பாலும் மாதத்துக்கு இவ்வளவு என்று ஒரே தொகை. அங்கே செலவு குறைந்தால் லாபம் நடத்துபவருக்கு. டிவைடிங்கில் அது பிள்ளைகளுக்கே திரும்புகிறது.

இதில் பணத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. எங்கள் விடுதியில் மாதக் கணக்கை நோட்டீஸ் போர்டில் ஒட்டுவோம். ஒரு மாதம் பில் ஏறியபோது மெஸ் கமிட்டிப் பெண்கள் ஸ்டோர் ரிஜிஸ்டரை எடுத்துவைத்து வரி வரியாகப் பார்த்தார்கள். வராத வெங்காய மூட்டைகளுக்குப் பணம் போயிருந்தது. அடுத்த வாரத்திலிருந்து தராசுப் பக்கத்தில் தினம் ஒருத்தி நின்றாள். சாம்பாரில் காய் கூடியது. சாப்பிடுகிறவர்கள் கணக்குக் கேட்கிற மெஸ்தான் நல்ல மெஸ்.

அடுத்து மதியச் சாப்பாடு. வெளி விடுதிகள் பலவற்றில் காலை ஏழு மணிக்கே டப்பாவில் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். அந்தச் சோற்றை ஒரு மணிக்குத் திறக்க வேண்டும். வளாகத்துக்குள் இருந்தால் இடைவேளையில் போய்ச் சூடாகச் சாப்பிட்டு வரலாம். காலைச் சாப்பாட்டுக்கும் அதே கதைதான். மெஸ் பக்கத்தில், கூட மூன்று பேர். ஒருத்தி தட்டை எடுத்தால் மற்றவளையும் இழுத்துக்கொண்டு போவாள். உங்கள் மகளுக்கு நாலு பேர் அறை நல்லதுதான்.

ராகிங் பயம் இருந்தால், முதலாண்டு மாணவர்களை இயன்றவரை தனிப் பிளாக்கில் தங்கவைக்க வேண்டும் என்று யு.ஜி.சி.யின் 2009ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. அப்படித் தருகிறார்களா என்று கேளுங்கள். 1800-180-5522 என்ற இலவச உதவி எண்ணை மகளின் போனில் பதிந்துவையுங்கள்.

தனியார் விடுதிதான் என்று முடிவானால், 2014ஆம் ஆண்டு தமிழ்நாட்டுச் சட்டப்படி பதிவு செய்த சான்று இருக்கிறதா, சமையலுக்கு 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். தங்கும் கட்டணம் மாதம் 20,000 ரூபாய்க்குள் இருந்து, தொடர்ந்து 90 நாளாவது தங்கினால், 2024 ஜூலை முதல் அதற்கு ஜி.எஸ்.டி. கிடையாது. கல்லூரி விடுதிச் செலவே பாரமாக இருந்தால், பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர் நலத்துறைகளின் கல்லூரி மாணவியர் விடுதிகளுக்கு விண்ணப்பியுங்கள். வருமான வரம்புக்குள் வருபவர்களுக்கு அங்கே இடமும் உணவும் இலவசம்.

பணம் கட்டும் முன், ஒரு வேலைநாள் இரவில் மகளோடு போய் கெஸ்ட் டோக்கன் வாங்கி இரண்டு இடத்திலும் சாப்பிடுங்கள். தட்டுக் கழுவும் இடத்தில் இருக்கும் மிச்சச் சோற்று வாளியைப் பாருங்கள். பாதித் தட்டுகள் அதில் கொட்டப்பட்டிருந்தால் யாரையும் விசாரிக்க வேண்டாம். கல்லூரி விடுதியில் வாளி நிறைந்து, நோட்டீஸ் போர்டில் கணக்கும் இல்லையென்றால், நான் மேலே சொன்ன பதிலை மாற்றிக்கொள்ளுங்கள். தனியார் விடுதிக்கே போகலாம்.

எங்கே சேர்ந்தாலும், மெஸ் கமிட்டி இருந்தால் அதில் பெயர் கொடுக்கச் சொல்லுங்கள். காலை ஆறு மணிக்குக் காய் எடைபோட்டு வாங்குகிறவள், அன்று காலைப் பொங்கலைச் சாப்பிடாமல் வகுப்புக்குப் போகமாட்டாள்.