கொழுப்பு அளக்க வந்த பிள்ளைகளுக்கு

டி.எம்.எல்.டி. முடித்து கொடைரோடு, நிலக்கோட்டை, வத்தலக்குண்டு பக்கத்து லேப்களில் சேர்ந்திருக்கும் தம்பி தங்கச்சிகளே, ரத்தத்தின் கொழுப்பு அமிலங்களைப் பிரித்து அளக்கும் மெஷின் நம் ஊரில் இருக்காது. பெரிய நகரத்து லேபில்தான் ஓடும். அங்கே போகும் குழாயை நிரப்புவது நீங்கள். மெஷின் வேகமாக ஓடட்டும்; ஊசி பிடிக்கிற கை நிதானமாக இருக்கட்டும்.

1. "சாப்பிட்டீங்களா?" என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். விடியுமுன் மல்லி பறித்துவிட்டு வருகிற அம்மா, "வெறும் வயிறுதான் தம்பி" என்பார். பால் டீ அவர் கணக்கில் சாப்பாடு இல்லை. "டீ, காபி, கூழ் ஏதாவது குடிச்சீங்களாம்மா? எத்தனை மணிக்கு?" என்று கேளுங்கள். சாதாரண லிப்பிட் பரிசோதனைக்குப் பட்டினி கட்டாயமில்லை என்று 2016-ல் ஐரோப்பிய வல்லுநர்கள் அறிவித்தார்கள். ஆனாலும் சாப்பிட்டபின் டிரைகிளிசரைடு ஏறும். டாக்டர் வெறும் வயிறு கேட்டிருந்தால் 9 முதல் 12 மணி நேரம் வேண்டும். கடைசியாகச் சாப்பிட்ட நேரத்தைச் சீட்டில் குறித்துவிடுங்கள்.

2. கட்டற்ற கொழுப்பு அமிலத்துக்கு எடுத்த ரத்தத்தை மேஜையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். குழாய்க்குள்ளும் நொதி வேலை செய்துகொண்டே இருக்கும். அளவு தானாக ஏறும். உடனே குளிரவைத்து, சென்ட்ரிஃபியூஜில் சுற்றிப் பிரித்துவிடுங்கள். ஹெப்பாரின் ஊசி போட்டுக்கொண்ட நோயாளி என்றால் அதையும் எழுதுங்கள். அந்த மருந்தும் இந்த அளவை ஏற்றும்.

3. ரத்தத்தின் எந்தப் பகுதி வேண்டும் என்று சீட்டைப் படித்த பிறகே குழாயை எடுங்கள். பிளாஸ்மா அண்மையில் சாப்பிட்டதைச் சொல்லும். சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அது சில மாதப் பழக்கத்தைச் சொல்லும். ஹாரிஸ், வான் ஷாக்கி இருவரும் 2004-ல் முன்வைத்த ஒமேகா-3 இண்டெக்ஸ் சிவப்பணுவில்தான் பார்க்கப்படுகிறது: 8 சதவீதமும் அதற்கு மேலும் நல்லது, 4-க்குக் கீழே இதயத்துக்கு ஆபத்து. நேற்று ராத்திரி சாப்பிட்ட மத்திக் குழம்பால் அந்த எண் நிமிர்ந்துவிடாது.

4. விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்து வடிதாளில் உலர்த்தி அனுப்பும் முறையும் வந்துவிட்டது. நம் ஊரில் அதற்கு முதல் எதிரி தேங்காய் எண்ணெய். தலைவாரிவிட்டு வந்த விரலைத் துடைக்காமல் குத்தினால் எண்ணெயின் லாரிக் அமிலமும் சேர்ந்து பதிவாகும். சோப்புப் போட்டுக் கழுவி, ஸ்பிரிட்டால் துடைத்து, உலர்ந்த பிறகு குத்துங்கள். முதல் சொட்டைத் துடைத்தெறியுங்கள். உங்கள் விரல் பிசுக்கும் கொழுப்புதான். கையுறை இல்லாமல் தாளைத் தொடாதீர்கள்.

5. சிவப்பணுவை மைனஸ் 20 டிகிரியில் வாரக்கணக்கில் போட்டுவைத்தால் கெடும். ரத்தத்தின் இரும்பே நிறைவுறாக் கொழுப்பை ஆக்சிஜனேற்றம் செய்துவிடும். மீன் எண்ணெய் வகை அமிலங்கள் முதலில் குறையும். நாள்பட வைக்க மைனஸ் 80 வேண்டும். மதுரை பஸ்ஸில் முழு ரத்தம் அனுப்பும்போது ஐஸ் குழாயை நேரடியாகத் தொடக்கூடாது. உறைந்தால் அணுக்கள் உடையும்.

6. நாளைக்குப் பெரிய லேபில் வேலை கிடைத்தால் குறுக்குவழியை மட்டும் கற்காதீர்கள். 1957-ல் ஃபோல்ச் சொன்னபடி குளோரோஃபார்மும் மெத்தனாலும் கலந்து கொழுப்பை வடித்தெடுப்பது நீண்ட வழி. 1986-ல் லெபாஜ், ராய் இருவரும் கொழுப்பை வடிப்பதையும் மெத்தில் எஸ்டராக மாற்றுவதையும் ஒரே குழாயில், 100 டிகிரியில், ஒரு மணி நேரத்தில் முடித்தார்கள். இப்படி மெத்தில் எஸ்டராக மாற்றியதைத்தான் கேஸ் குரோமட்டோகிராஃபி பிரிக்கிறது. மூடி கசிந்தால் முடிவு போச்சு. அளவு தெரிந்த ஒப்பீட்டு அமிலத்தைத் தொடக்கத்திலேயே சேருங்கள். பிறகு சேர்த்தால் இடையில் இழந்தது தெரியாது. ரத்தமில்லா வெற்றுக் குழாய் ஒன்றையும் கூடவே ஓட்டுங்கள்.

7. சீரம் பால்போல் கலங்கியிருந்தால் நின்று பாருங்கள். டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் 1972-ன் ஃபிரீடுவால்ட் கணக்கில் எல்.டி.எல். போடக்கூடாது. 1000-ஐத் தாண்டினால் கணைய அழற்சிக்கு வாய்ப்புண்டு. பிரிண்ட் வரட்டும் என்று காத்திராமல் டாக்டருக்கு போன் போடுங்கள்.

8. காலையில் கன்ட்ரோல் ஓட்டாமல் நோயாளியின் மாதிரியைத் தொடாதீர்கள். வேலூர் சி.எம்.சி. நடத்தும் வெளித்தரச் சோதனைத் திட்டத்தில் லேபைச் சேர்க்கச் சொல்லி முதலாளியிடம் கேளுங்கள். செலவு என்பார், விடாமல் கேளுங்கள்.

9. "கடலை எண்ணெய் நல்லதா, ரேஷன் பாமாயில் கெடுதலா?" என்று ரிப்போர்ட் வாங்க வந்தவர் கேட்பார். பாமாயிலில் பால்மிட்டிக் அமிலம் அதிகம், கடலை எண்ணெயில் ஒலியிக் அதிகம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். என்ன சாப்பிடுவது என்பதை டாக்டர் சொல்லட்டும்.

10. சந்தேகமுள்ள எண்ணில் கையெழுத்துப் போடாதீர்கள். மறுபடி ரத்தம் கேட்டால் ஒருவர் கொஞ்சம் முகம் சுளிப்பார். தப்பான எண்ணைக் கொடுத்தால் வேண்டாத மாத்திரையை வருஷக்கணக்கில் விழுங்குவார். கூப்பிட்டு மறுபடி எடுங்கள்.