பவளம் கைமாறும் முன்

கடற்கரையிலிருந்து சாலைவழி சுமார் 300 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது வைட்ஃபீல்ட். ஆயினும், அங்குள்ள அடுக்ககக் குடியிருப்புகளில் கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு சிறு கடலையே பேணி வளர்ப்போர் உண்டு. சுத்திகரித்த ஆர்.ஓ. நீரில் கடலுப்புக் கலவையைக் கரைத்து, விளக்கும் நீரோட்டமும் அமைத்துக் கடல்வாழ் உயிர்களை வளர்ப்பது பொறுமையும் பொருட்செலவும் மிகுந்த பொழுதுபோக்கு. இவ்வார்வலர்கள் சங்கமாகக் கூடும்போது, அயல்நாடுகளில் நடப்பதைப்போல் நாமும் ஒரு பவளப் பரிமாற்றக் கூடலை நடத்தலாமே என்னும் எண்ணம் எழுவது இயல்பு.

அத்தகைய கூடலைத் திட்டமிடுவோருக்காக இப்பாடத்தை எழுதுகிறோம். மீன்தொட்டி இல்லாத வாசகர்களும் இதை விலக்க வேண்டியதில்லை. செடிப் பரிமாற்றமோ, புத்தகப் பரிமாற்றமோ, அடுக்ககச் சங்கத்தின் விழாவோ எதுவாயினும் அடிப்படை ஒன்றே: பணம் கைமாறாத இடத்திலும் பொறுப்பு கைமாறுகிறது. பொறுப்பு கைமாறும் இடத்தில் எழுத்து வேண்டும்.

1. பவளத்துண்டு என்பது யாது?

பவளம் செடியும் அன்று, கல்லும் அன்று, அது விலங்கு. பாலிப் எனப்படும் மிகச் சிறிய உயிர்கள் கூட்டமாக வாழ்ந்து சுண்ணாம்புக் கூட்டை உருவாக்குகின்றன. அக்கூட்டத்திலிருந்து ஒரு கிளையை வெட்டித் தகுந்த இடத்தில் ஒட்டினால் அது தனிக் கூட்டமாக வளரும். இப்பண்பையே பரிமாற்றக் கூடல்கள் பயன்படுத்திக்கொள்கின்றன. தாய்ப் பவளத்திலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் அளவில் ஒரு துண்டை வெட்டி, சிறு பீடத்தில் பசையால் ஒட்டி, காயம் ஆறச் சில வாரங்கள் காத்திருந்து, பிறகு மற்றொருவருக்குக் கொடுப்பார்கள்.

இதே பண்பு நம் கடலின் மறுவாழ்வுக்கும் உதவுகிறது. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடைப்பட்ட மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாயின. தூத்துக்குடிப் பகுதியில் சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் பல்லாண்டுகள் பவளப்பாறைகள் வெட்டி எடுக்கப்பட்டன. இத்தீவுகளுள் விலாங்குசல்லியும் பூவரசன்பட்டியும் கடலுள் மூழ்கிவிட்டன. தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆய்வு நிறுவனம் 2002 முதல் பவளத்துண்டுகளைக் கான்கிரீட் சட்டங்களில் பொருத்திச் சிதைந்த பாறைப் பரப்புகளில் நட்டு வருகிறது. ஒரு துண்டின் மதிப்பு என்ன என்பதை வைட்ஃபீல்டின் கண்ணாடித் தொட்டியைவிட மன்னார் வளைகுடாவே நமக்கு நன்கு உணர்த்தும். அதனால்தான் சட்டமும் பவளத்தைக் கண்டிப்புடன் காக்கிறது.

2. சட்டம் கேட்கும் கேள்வி

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் முதல் அட்டவணையில் 2001-ஆம் ஆண்டு பவள இனங்கள் சேர்க்கப்பட்டன. பாறை கட்டும் கற்பவளங்கள் அனைத்தும், கரும்பவளங்கள், புல்லாங்குழல் போன்ற குழாய்களையுடைய குழற்பவளம், நெருப்புப் பவளங்கள், கடல் விசிறிகள் ஆகியன அவற்றுள் அடங்கும். கடல்குதிரைகளும் கடலட்டைகளும் அதே ஆண்டில் இப்பாதுகாப்பைப் பெற்றன. 2022-இல் செய்யப்பட்ட திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. முதல் அட்டவணை உயிரினங்கள் தொடர்பான குற்றத்துக்கு மூன்று ஆண்டுகளுக்குக் குறையாத, ஏழு ஆண்டுகள் வரை நீளக்கூடிய சிறைத்தண்டனையும், ரூ.25,000-க்குக் குறையாத அபராதமும் உண்டு.

‘விற்கவில்லையே, அன்பளிப்பாகத்தானே கொடுத்தோம்’ என்பது இங்கே விடையாகாது. சட்டத்தின் 39-ஆம் பிரிவு அரசின் சொத்தாகக் கருதப்படும் வன உயிரினத்தை உரிய அனுமதியின்றி வைத்திருப்பதையும், அன்பளிப்பாகவோ விற்பனையாகவோ வேறு எவ்வகையிலோ பிறருக்கு மாற்றுவதையும் தடை செய்கிறது. ஆகவே, கற்பவளத் துண்டுகளை மேசைமேல் பரப்பி வைக்கும் அயல்நாட்டு முறையை வைட்ஃபீல்டில் அப்படியே பின்பற்ற இயலாது.

இறக்குமதியான உயிரினங்களுக்கும் தனி விதிகள் உண்டு. கற்பவளங்கள் சைட்ஸ் என்னும் பன்னாட்டு உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ளவை. உரிய ஆவணமின்றி அவை எல்லை கடக்கக் கூடாது. சைட்ஸ் பட்டியலில் இடம்பெற்று, நம் சட்டத்தின் நான்காம் அட்டவணையில் வரும் உயிருள்ள விலங்கினங்களை வைத்திருப்போர் பரிவேஷ் 2.0 இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என 2024 பிப்ரவரியில் விதிகள் வகுக்கப்பட்டன.

எனவே, மண்டபம் பதிவு செய்வதற்கு முன்பே சங்கம் செய்ய வேண்டிய பணி ஒன்று உண்டு. கூடலுக்கு வரக்கூடிய ஒவ்வோர் இனத்தின் அறிவியற்பெயரையும் பட்டியலிட்டு, கர்நாடக வனத்துறையின் தலைமை வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்தில் எழுத்து மூலம் விளக்கம் பெறுதல் வேண்டும். மல்லேசுவரத்திலுள்ள ஆரண்ய பவனில் வனத்துறையின் தலைமையகம் இயங்குகிறது. எழுத்தில் விடை வரும்வரை அந்த இனம் மேசைக்கு வரக் கூடாது. கடையில் வெளிப்படையாக விற்கப்படுகிறது என்பது சான்றாகாது. விற்றவர் சொன்னார் என்பதும் சான்றாகாது.

3. மேசைக்கு வரக்கூடியவை

கற்பவளத்தை ஒதுக்கிய பின்னரும் பரிமாறிக்கொள்ளத் தொட்டி ஆர்வலர்களிடம் ஏராளம் இருக்கிறது. தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்யப்பட்ட கோமாளி மீன்கள் ஒரு நல்ல எடுத்துக்காட்டு. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும், பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் இவற்றின் இனப்பெருக்க முறையை வளர்த்தெடுத்துள்ளன. மீன்குஞ்சுகளுக்கு உணவாகும் நுண்ணுயிர் வளர்ப்புகள், செயற்கைப் பாறைகள், விளக்குகள், நீரேற்றிகள், நீர்ச்சோதனைப் பொருள்கள் ஆகியவற்றையும் பரிமாறலாம். மென்பவளங்கள், பொத்தான் பாலிப்புகள் போன்றவை வனத்துறையின் எழுத்து விளக்கத்துக்கு உட்பட்டே வர வேண்டும்.

கடற்பாசியைப் பரிமாறும்போது ஓர் எச்சரிக்கை தேவை. மத்தியதரைக் கடலில் 1984-இல் மொனாக்கோ கடலாய்வு அருங்காட்சியகத்தின் அருகே கௌலெர்ப்பா என்னும் பாசி முதன்முதலில் காணப்பட்டது. மீன்தொட்டியிலிருந்து வெளியேறியதாகக் கருதப்படும் அப்பாசி பின்னர் கடலடியில் பெரும்பரப்பை மூடியது. நம் மன்னார் வளைகுடாவிலும் பயிரிடுவதற்காகக் கொண்டுவரப்பட்ட கப்பாஃபைக்கஸ் பாசி குருசடைத் தீவின் பவளங்கள் மேல் படர்ந்தது. ஆகவே, தொட்டியின் உயிர்களையும் நீரையும் ஏரியிலோ மழைநீர்க் கால்வாயிலோ விடுவதில்லை என்னும் உறுதிமொழியில் ஒவ்வொரு பங்கேற்பாளரும் கையொப்பமிட வேண்டும்.

4. வில்லை முறை

வணிகவியலின் முதற்பாடமே பண்டமாற்றின் இடர்ப்பாடுதான். என்னிடம் உள்ளது உங்களுக்கு வேண்டும். உங்களிடம் உள்ளது எனக்கு வேண்டாம். இருவர் தேவையும் ஒருசேரப் பொருந்தாவிட்டால் பரிமாற்றம் நின்றுபோகும். இதற்கு எளிய தீர்வு வில்லை முறை. மூன்று பொருள்களைக் கொண்டுவருபவருக்கு மூன்று வில்லைகள் வழங்கப்படும். அவர் யாருடைய பொருளையும் ஒரு வில்லைக்கு ஒன்றாகப் பெற்றுக்கொள்ளலாம். விலையுயர்ந்த விளக்கு போன்றவற்றுக்கு இரண்டு அல்லது மூன்று வில்லைகள் என முன்னரே குழு அறிவித்துவிட வேண்டும்.

இங்கே இரு விதிகள் இன்றியமையாதவை. முதலாவது, வில்லைக்கு ரூபாய் மதிப்பு இல்லை. மீந்த வில்லைக்குப் பணம் திரும்பத் தரப்படாது. தந்தால் அது பரிமாற்றம் என்னும் நிலையிலிருந்து விற்பனை என்னும் நிலைக்குச் சென்றுவிடும். இரண்டாவது, கட்டணம் வாங்கிக் குலுக்கல் பரிசு நடத்துவதைத் தவிர்க்க வேண்டும். அயல்நாட்டுக் கூடல்களில் அது வழக்கமாயினும், கர்நாடகம் 2007-இல் லாட்டரிகளுக்குத் தடை விதித்த மாநிலம் என்பதை மறக்கலாகாது.

ஒவ்வொரு பொருளுடனும் ஒரு சீட்டு இருக்கட்டும். பெயர், கொடுப்பவர், எங்கிருந்து எப்போது பெறப்பட்டது, வாங்கிய ரசீதின் எண், வளர்ந்த நீரின் தன்மை ஆகியவை அதில் இடம்பெற வேண்டும். இதன் படி சங்கப் பதிவேட்டில் ஒட்டப்படட்டும். வங்கியில் நாங்கள் ‘வாடிக்கையாளரை அறிந்துகொள்’ என்னும் கே.ஒய்.சி. நெறியைப் பின்பற்றுவது எதற்காகவோ, அதற்காகவே இச்சீட்டும் தேவைப்படுகிறது. நாளை ஒரு கேள்வி எழுந்தால் பதிவேடே விடை சொல்லும்.

5. கூடல் நாளின் ஒழுங்கு

மண்டபத்தில் முதலில் பார்க்க வேண்டியது மின்சாரம். வெப்பநிலை 25–26 பாகை செல்சியசிலும், நீரின் ஒப்படர்த்தி 1.025 அளவிலும் நிற்க வேண்டும். காற்றேற்றிகள் நின்றால் பைகளிலும் வாளிகளிலும் உள்ள உயிர்கள் துன்புறும். எனவே மாற்று மின்னேற்பாடு இல்லாத மண்டபம் குறைந்த வாடகைக்குக் கிடைத்தாலும் வேண்டாம். உப்புநீரும் மின்கம்பியும் சந்திக்கும் இடமாதலால், இணைப்புப் பெட்டிகள் தரையில் கிடக்காமல் மேசை மட்டத்துக்கு மேலே கட்டப்பட வேண்டும்.

மண்டபத்தில் எவ்வுயிரையும் வெட்டக் கூடாது. பொத்தான் பாலிப்புகள் சிலவற்றில் பாலிடாக்சின் என்னும் கொடிய நஞ்சு உண்டு. வெட்டும்போதோ தேய்த்துக் கழுவும்போதோ கண்ணிலும் தோலிலும் பட்டாலும், அதன் ஆவியைச் சுவாசித்தாலும் கடும் பாதிப்பு நேரும். கையுறையும் கண்காப்பும் இன்றி எவரும் அவற்றைத் தொட வேண்டாம். பெற்றுச் சென்ற உயிரை நேரே முதன்மைத் தொட்டியில் விடாமல், தனித்தொட்டியில் சில வாரங்கள் வைத்து ஒட்டுண்ணிகள் உள்ளனவா எனப் பார்ப்பதும் பெறுபவரின் கடமை.

6. சங்கத்தின் பணம்

நண்பர்கள் கூடும் சங்கங்களில் பணம் பெரும்பாலும் பொருளாளரின் சொந்தக் கணக்கிலேயே சேர்கிறது. அவர் நாணயமானவராகவே இருப்பார், ஐயம் அதுவன்று. திடீரென அவருக்கு ஏதேனும் நேர்ந்துவிட்டால், அக்கணக்கிலுள்ள தொகை முழுவதையும் வங்கி அவருடைய நியமனதாரருக்கோ வாரிசுகளுக்கோதான் வழங்க இயலும். ‘இதில் சங்கத்தின் பணமும் இருக்கிறது’ என்று துயரத்தில் இருக்கும் குடும்பத்திடம் போய்ச் சொல்ல வேண்டிய நிலை எவருக்கும் வேண்டாம். பொருளாளரின் நற்பெயரைக் காப்பதற்கே தனிக்கணக்கு.

கர்நாடகச் சங்கங்கள் பதிவுச் சட்டம், 1960-இன்கீழ் ஏழு பேர் சேர்ந்து ஒரு சங்கத்தைப் பதிவு செய்யலாம். பதிவுச் சான்று, விதிமுறைகள், பான் அட்டை, கணக்குத் தொடங்கவும் இயக்கவும் எடுத்த தீர்மானம், கையொப்ப அதிகாரம் பெற்றோரின் அடையாள ஆவணங்கள் ஆகியவற்றுடன் கிளையை அணுகினால் சங்கத்தின் பெயரிலேயே கணக்குத் தொடங்கலாம். இருவர் கையொப்பமிட்டே பணம் எடுக்கும் முறை நன்று. நிர்வாகிகள் மாறியதும் புதிய தீர்மானத்தை வங்கிக்கு அளிக்க மறவாதீர்கள். கட்டணம் முழுவதும் சங்கக் கணக்கின் யூ.பி.ஐ. குறியீட்டின் வழியே வரட்டும். ரொக்கமாக வந்தால் எண்ணிட்ட ரசீது கொடுங்கள்.

7. ஒரு மாதிரிக் கணக்கு

மண்டப வாடகை ரூ.5,000, மேசை நாற்காலிகள் ரூ.2,000, மாற்று மின்னேற்பாடு ரூ.1,500 எனக் கொள்வோம். எத்தனை பேர் வந்தாலும் மாறாத நிலைச்செலவு ரூ.8,500. தேநீர், சிற்றுண்டி, சீட்டு அச்சு ஆகியவற்றுக்கு ஆளொன்றுக்கு ரூ.60. நுழைவுக் கட்டணம் ரூ.300 என்றால், ஒவ்வொருவரிடமிருந்தும் நிலைச்செலவுக்கு மிஞ்சுவது ரூ.240. ரூ.8,500-ஐ 240-ஆல் வகுத்தால் 35.4, அதாவது 36 பேர் வந்தால்தான் கைப்பொருள் கரையாது. நாற்பது பேர் வந்தால் வரவு ரூ.12,000, செலவு ரூ.10,900, எஞ்சுவது ரூ.1,100. முப்பது பேரே வந்தால் ரூ.1,300 பற்றாக்குறை.

ஆகவே, 36 பேர் முன்பணம் செலுத்திய பின்னரே மண்டபத்துக்கு உறுதி சொல்லுங்கள். கூடல் முடிந்த ஒரு வாரத்துக்குள் வரவு செலவுக் கணக்கை ரசீதுகளுடன் எல்லா உறுப்பினர்களுக்கும் அனுப்புங்கள். எஞ்சிய ரூ.1,100 எவ்வளவு சிறிதாயினும், அது எங்கே இருக்கிறது என்று உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

சங்கக் கூட்டத்தில் பேச மூன்று வினாக்கள்

ஒன்று: நம் தொட்டியிலுள்ள ஒவ்வோர் உயிரும் எங்கிருந்து வந்தது என்று இன்று ரசீதோடு சொல்ல முடியுமா?

இரண்டு: நம் பொருளாளர் நாளை பணி மாறி வெளியூர் சென்றால், சங்கப் பணத்தை எடுக்க யாருக்கு அதிகாரம் இருக்கிறது?

மூன்று: எதிர்பார்த்ததைவிடப் பத்துப் பேர் குறைவாக வந்தால், அந்தப் பற்றாக்குறையை எந்த நிதியிலிருந்து ஈடுசெய்வோம்?

இம்மூன்றுக்கும் விடை எழுதி வைத்த பிறகு மண்டபத்தைத் தேடத் தொடங்கலாம்.