பன்னிரண்டு விலங்குகளும் அறுபது ஆண்டுகளும்

காலம் கண்ணுக்குப் புலப்படாதது. ஆயினும் அதற்குப் பெயரிட்டுக் கணக்கிட எல்லா நாட்டு மக்களும் முயன்றுள்ளனர். நம் வடமதுரை வீடுகளின் சுவரில் தொங்கும் நாட்காட்டியைப் பாருங்கள். ஆங்கிலத் தேதியோடு தமிழ் ஆண்டின் பெயரும், நட்சத்திரமும், இராகு காலமும் அதில் அச்சாகியிருக்கும். சீனர் மரபிலோ ஆண்டு ஒவ்வொன்றும் ஒரு விலங்கிற்கு உரியது. இவ்விரு கணக்குகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் நாம் அறிய வேண்டியவை பல உள்ளன.

பன்னிரு விலங்குகள்

எலி, எருது, புலி, முயல், டிராகன் என்னும் பறவைநாகம், பாம்பு, குதிரை, ஆடு, குரங்கு, சேவல், நாய், பன்றி என்பது வரிசை. விண்ணுலக மன்னர் விலங்குகளுக்கு ஓர் ஓட்டப்பந்தயம் வைத்தாராம். எருதின் முதுகில் ஏறி வந்த எலி, கரை சேர்ந்ததும் முன்னே குதித்து முதலிடம் பெற்றதாம். பூனை பின்தங்கி இடத்தை இழந்ததாம். இது குழந்தைகளுக்குச் சொல்லும் கதை. வியத்நாம் மக்களோ முயலை நீக்கிவிட்டுப் பூனைக்கு இடம் கொடுத்துள்ளனர்!

இம்மரபு மிகப் பழையது. 1975-இல் சீனாவின் ஹூபே மாநிலத்தில் ஒரு கல்லறையிலிருந்து எடுத்த மூங்கில் ஏடுகளில், சிறிது வேறுபட்ட விலங்குப் பட்டியல் ஒன்று உள்ளது. அவ்வேடுகள் 2,200 ஆண்டுகளுக்கு முற்பட்டவை.

நாம் பிறந்த ஆண்டின் விலங்கை அறிவது எளிது. ஆண்டை 12-ஆல் வகுத்து மீதியைப் பார்க்க வேண்டும். மீதி 4 எனில் எலி, 5 எனில் எருது. இவ்வாறே வரிசையாகச் சென்றால் 11 ஆடு, 0 குரங்கு, 1 சேவல், 2 நாய், 3 பன்றி. ஆனால் சீனப் புத்தாண்டு ஜனவரி 21-க்கும் பிப்ரவரி 20-க்கும் இடையில் வருவதால், அதற்கு முன் பிறந்தவர்கள் முந்திய ஆண்டின் விலங்கையே கொள்ள வேண்டும்.

அறுபதாண்டுச் சுற்று

மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என ஐந்து பூதங்களைச் சீனர் கூறுவர். ஒவ்வொன்றையும் இரண்டாகப் பிரித்துப் பத்து ஆக்கினர். பத்தும் பன்னிரண்டும் ஒருங்கே சுழன்றால், தொடங்கிய இடத்திற்கு மீண்டும் வர 60 ஆண்டுகள் ஆகும். மீச்சிறு பொது மடங்கு படித்த நமக்கு இதன் காரணம் நன்கு விளங்கும்.

நமக்கும் பிரபவ முதல் அட்சய வரை 60 ஆண்டுகள் உண்டல்லவா? வியாழன் கோள் கதிரவனை ஒருமுறை சுற்ற ஏறத்தாழ 12 ஆண்டுகள் ஆகும். ஐந்து சுற்றுகள் சேர்ந்தால் அறுபது. பண்டைச் சீனரும் வியாழனைப் பார்த்தே ஆண்டுகளை எண்ணினர். அவர்களுடைய இன்றைய சுற்று 1984-இல் தொடங்கியது, நம்முடையது 1987-இல். நாம் திருக்கடையூரில் அறுபதாம் கலியாணம் செய்கிறோம். அறுபது நிறைவதை அவர்களும் கொண்டாடுகின்றனர். 1645 முதல் சீன அரசு பின்பற்றிய திருத்திய நாட்காட்டியை அமைத்தவர் இயேசு சபைக் குருவான ஆதாம் ஷால். வானியல் கணக்கை அவர் செம்மைப்படுத்தினார். அறுபதாண்டுச் சுற்றோ அப்படியே நிலைத்தது.

நம்பிக்கையும் அதன் விலையும்

தமக்குரிய விலங்கின் ஆண்டு மீண்டும் வரும்போது தீங்கு நேராதிருக்கச் சீனர் சிவப்பு நிறம் அணிவர். திருமணத்திற்கு முன் இருவரின் விலங்குகளும் பொருந்துமா என்று பார்ப்பதும் உண்டு. இது நமக்குப் புதிதன்று. அசுவினிக்குக் குதிரை, பரணிக்கு யானை என நட்சத்திரங்களுக்கு விலங்கு வகுத்து நம்மவரும் பொருத்தம் பார்க்கின்றனர்.

டிராகன் ஆண்டில் பிறக்கும் பிள்ளை பேறு பெற்றது என்பர். தமிழரும் சீனரும் அடுத்தடுத்து வாழும் சிங்கப்பூரில் 1987-இல் சுமார் 43,600 குழந்தைகள் பிறந்தன. டிராகன் ஆண்டான 1988-இல் சுமார் 53,000. அக்காலத்தில் அரசும் பெரிய குடும்பங்களை ஊக்குவித்தது என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

ஜப்பானில் நடந்ததோ இதற்கு நேர்மாறு. நெருப்புக் குதிரை ஆண்டில் பிறக்கும் பெண் கணவனுக்குக் கேடு விளைவிப்பாள் என்பது அங்குள்ள பழைய நம்பிக்கை. 1965-இல் அங்கே 18.2 லட்சம் குழந்தைகள் பிறந்தன. நெருப்புக் குதிரை ஆண்டான 1966-இல் அது 13.6 லட்சமாகக் குறைந்தது. அடுத்த ஆண்டே 19.4 லட்சமாக ஏறியது! பெண் குழந்தை பிறந்துவிடுமோ என்ற அச்சமே இக்குறைவுக்குக் காரணம். ஆனால் அவ்வாண்டில் பிறந்த பெண்களும் மற்றவரைப் போலவே படித்தனர், உழைத்தனர், குடும்பம் நடத்தினர். ஜப்பானின் பட்டத்து இளவரசர் அக்கிஷினோவின் மனைவி கிக்கோ 1966 செப்டம்பரில் பிறந்தவரே. 1990-இல் மணந்த அவர் மூன்று மக்களுக்குத் தாய். அறுபது ஆண்டு கழித்து 2026-இல் அதே நெருப்புக் குதிரை ஆண்டு வருகிறது.

ஜப்பானியரைக் கண்டு நாம் நகைக்கலாமா? "ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம்" என்ற பழமொழி நம் ஊரிலும் வழங்குகிறதே! ஒரே நட்சத்திரம் ஆணுக்கு அரசும் பெண்ணுக்கு அழிவும் தருமாம். மூலத்தில் பிறந்த பெண்ணுக்கு மாமனார் இல்லாத வீடாகத் தேடும் பெற்றோரும், ஆயில்யத்தில் பிறந்தவளுக்கு மாமியார் இல்லாத வீடாகத் தேடுவோரும் உண்டு. பிறந்த நாளைத் தானே தேர்ந்துகொண்ட பெண் உலகில் எவளும் இல்லை. தான் செய்யாத ஒன்றிற்காக அவள் ஏன் தலைகுனிய வேண்டும்?

சீனரின் விலங்குக் கதைகளையும் நம் ஆண்டுப் பெயர்களையும் நாம் மகிழ்ந்து கற்போம். அவை முன்னோர் வானத்தை உற்று நோக்கிய அறிவின் அடையாளங்கள். நாட்காட்டி நாளைச் சொல்லட்டும். பெண்ணின் தகுதியை அவள் கல்வியும் குணமும் உழைப்பும் சொல்லட்டும். தோழியரே, அடுத்த முறை வீட்டில் யாரேனும் நட்சத்திரத்தைக் காட்டி ஒரு பெண்ணைக் குறை கூறினால், 1966-இன் கணக்கைப் பணிவோடு எடுத்துச் சொல்லுங்கள். நாம் கற்ற கல்வியின் பயன் அதுவேயாகும்.