கசக்கித் துவைக்கிற தேவன்



போன மாதம் எங்கள் வீட்டு வாஷிங் மெஷின் பழுதாகிவிட்டது. என் மனைவிக்கு மணிக்கட்டு வலி. ஆகவே மூன்று வாரம் நான்தான் துணி துவைத்தேன். சனிக்கிழமை ராத்திரி, ஆராதனைக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையின் காலரைத் திருப்பினால், உள்பக்கம் பழுப்பாக ஒரு கோடு. மெஷினில் எத்தனையோ தடவை போட்டு எடுத்த சட்டை! "அது மெஷின்ல போகாதுங்க, அந்த இடத்துல சோப்பு போட்டுக் கசக்கணும்" என்றாள் மனைவி. (மெஷினைக் குறை சொல்லவில்லை. கைவலியுள்ள சகோதரிகளுக்கு அது ஆசீர்வாதமே.)

அன்றிரவு 51-ம் சங்கீதத்தைத் தியானித்தேன். எபிரெயுவில் உடம்பைக் கழுவ 'ராகாட்ஸ்' என்றும், துணி துவைக்க 'காபாஸ்' என்றும் இரண்டு வார்த்தைகள் உண்டு. காபாஸ் என்றால் மிதித்துத் துவைப்பது. தாவீது 2-ம் வசனத்திலும் 7-ம் வசனத்திலும் கேட்பது இந்தக் காபாஸைத்தான். மேலே கொஞ்சம் தண்ணீர் தெளித்துவிடும் என்று கேட்கவில்லை. என்னை அழுக்குத் துணியாக எடுத்து மிதியும் என்கிறான்!

எருசலேமில் மேல்குளத்துப் பக்கம் வண்ணார்துறை இருந்தது (ஏசாயா 7:3). உவர்மண்ணும், செடியை எரித்த சாம்பலில் எடுத்த காரமுமே அவர்களுக்குச் சோப்பு. நம்ம ஊரிலும் உவர்மண் போட்டு வெள்ளாவி வைத்தது பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அவை எவ்வளவு போட்டாலும் அக்கிரமத்தின் கறை போகாது என்கிறார் கர்த்தர் (எரேமியா 2:22). மல்கியா 3:2-லோ அவரே வண்ணாரின் சவுக்காரமாக வருகிறார். அல்லேலூயா!

நாத்தான் வந்து இன்ன பாவம் என்று நேராகக் காட்டின பிறகே தாவீது அப்படி ஜெபித்தான். நானோ இருபது வருஷமாக, "தெரிந்தும் தெரியாமலும் செய்த பாவமெல்லாம் மன்னியும்" என்று மொத்தமாகப் போட்டு பட்டனை அமுக்கிக்கொண்டிருந்தேன். ஆவியானவர் என் காலரைத் திருப்பினார். நாலு வருஷத்துக்கு முன், சபைக் கட்டடக் கணக்கில் ஒரு மூத்த சகோதரரைச் சந்தேகப்பட்டு இரண்டு பேரிடம் பேசினேன். கணக்கு சரியாகவே இருந்தது. நான் கூட்டினதுதான் தப்பு. அதை யாரிடமும் சொல்லவில்லை. அவர் அதுமுதல் கடைசி வரிசையில்தான் உட்காருவார்.

வியாழக்கிழமை அவர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எனக்கு அப்பவே தெரியும் பாஸ்டர். நீங்க வருவீங்கன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன்" என்றார்.

நான் பேசின அந்த இரண்டு பேரில் ஒருவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். மற்றவர் வெளியூரில் இருக்கிறார். இந்த வாரம் போகிறேன். எனக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.